தூக்குத் தண்டனையும் காலதாமதமும்

(திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதிகள், தூக்கிலும் போடப்படாமல், தண்டனையும் குறைக்கப்படாமல், பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஜெயிலில் கிடப்பது ஏன் என்பதே இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயமாகும். இதைப் பேச இந்த இடம் மிகவும் பொருத்தமானது. எப்படியென்றால், கிரிவலம் போகிறவர்கள் இந்த ஆசிரமத்தைக் கடந்து போனால் அடுத்தபடியாகக் கும்பிடுவது எமலிங்கத்தை. எமன் குறித்த நிமிஷத்தில் கயிற்றோடு வந்து நிற்பான், சித்திரகுப்தன் கணக்கில் ஒரு விநாடி முன்பின் ஆகாது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை இதுவரை பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் டில்லியில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை எல்லோரும் பார்க்கலாம். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் சட்டம் என்ன என்று பாருங்கள். செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னதும் கயிற்றை எடுத்துவிட முடியாது. ஹைக்கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்ய வேண்டும். அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல். அதுவும் போனால் மறுபரிசீலனை மனு. தூக்குக் கேஸுகளில் இந்த மனுவை மூன்று ஜட்ஜுகள் திறந்த கோர்ட்டில் விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் ஏற்பட்டிருக்கிறது. கடைசியில் கருணை மனு. அரசியல் சட்டத்தின் 161-வது பிரிவுப்படி அது கவர்னருக்குப் போகும். 72-வது பிரிவுப்படி பிரசிடெண்டுக்குப் போகும். இருவரும் மந்திரிகள் சொல்லும் யோசனைப்படி முடிவு செய்ய வேண்டியவர்கள்.

இதில் செலவாகும் வருஷங்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜட்ஜு சாட்சியைப் படித்து, வக்கீல் வாதாடி, ‘தப்பு நேர்ந்திருக்குமோ’ என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் வருஷங்கள் ஒரு ரகம். அதை நாம் குறை கூறமாட்டோம். ஒரு உயிரை எடுப்பதற்கு முன் பத்து தரம் பார்ப்பது குற்றமல்ல. மற்றொரு ரகம், யாரும் எதையும் படிக்காமல், பைல் மேஜை மேல் தூங்கும் வருஷங்கள். நமது சண்டை இந்த இரண்டாவது ரகத்தோடுதான்.

நமது பக்கத்து உதாரணத்தையே எடுத்துக் கொள்ளுவோம். 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் இன்னும் பலரும் குண்டு வெடித்து மாண்டார்கள். 1998 ஜனவரியில் தடா கோர்ட்டு 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதே 26 பேரில் 19 பேரை விடுதலை செய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாக்கி, 4 பேருக்கு மாத்திரம் தூக்கை உறுதி செய்தது. மேலே ஒரு கோர்ட்டு இல்லாதிருந்தால் அந்த 19 பேர் கதி என்ன? யோசித்துப் பாருங்கள்!

நால்வரில் நளினிக்கு 2000-ல் தண்டனை குறைக்கப்பட்டது. பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகிய மூவரின் கருணை மனு அதே 2000-ல் டில்லிக்குப் போயிற்று. 2011 ஆகஸ்டில் ‘முடியாது’ என்று பதில் வந்தது. பதினோரு வருஷம்! அதில் 2005 வரையில் உள்துறை இலாகாவில் கிடந்தது. பிறகு 2011 வரையில் பிரசிடெண்ட் மாளிகையில் கிடந்தது. இதற்குள் நாராயணன், அப்துல் கலாம், பிரதிபா பாட்டீல் என்று மூன்று பிரசிடெண்டுகள் வந்தாய்விட்டது. 2011 செப்டம்பர் 9-ந் தேதி தூக்கு என்று நாள் குறித்தார்கள். எங்கே? நமது ஊர் 1989 வரை சேர்ந்திருந்த வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரான வேலூர் ஜெயிலில். சென்னை ஹைக்கோர்ட்டு ஆகஸ்டு 30-ந் தேதி அதை நிறுத்தி வைத்தது. 2014 பிப்ரவரி 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சர்க்காரின் இந்தத் தாமதத்தையே காரணம் காட்டி, மூவரின் தூக்கையும் ஆயுள் தண்டனையாக்கியது.

இப்படிச் சொன்னது புதிதுமல்ல. 1983-ல் வைத்தீஸ்வரன் கேஸ் என்ற தமிழ்நாட்டுக் கேஸிலேயே, தண்டனை விதித்து எட்டு வருஷம் தனிக் கொட்டடியில் கிடந்த ஒருவனுக்கு, இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதமானாலே தூக்கு கூடாது என்று ஜஸ்டிஸ் சின்னப்ப ரெட்டி தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே வேறு ஜட்ஜுகள், அப்படி வருஷக் கணக்கு வைக்க முடியாது என்றார்கள். 1989-ல் ஐந்து ஜட்ஜுகளும் அவ்வாறே சொன்னார்கள். ஆகவே இன்றுவரை கெடு இல்லை. கெடு இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை.

இதற்கு நம் ஜனங்கள் சொல்லும் சமாதானங்கள் இரண்டு. ஒன்று, ‘எல்லாம் அவன் தலைவிதி’ என்பது. தோழர்களே! பைலை மேஜையில் வைத்தது யார்? பிரம்மாவா? ஒரு குமாஸ்தா வைத்தான், ஒரு காரியதரிசி பார்க்கவில்லை, எலெக்ஷன் வருகிறதே என்று ஒரு மந்திரி தள்ளி வைத்தார். மனிதன் செய்த காரியத்துக்கு விதியைச் சாட்சி கூப்பிட்டால், குற்றவாளி தப்பித்துக் கொள்ளுகிறான் என்பதுதான் அர்த்தம்.

மற்றொன்று, ‘தீர்ப்பானதும் உடனே தூக்கிலிட்டால் தாமதம் ஏது?’ என்பது. உடனே கொன்ற கதை நமக்குத் தெரியாததா? கோவலனைத் தட்டான் பேச்சைக் கேட்டு விசாரணையில்லாமல் வெட்டினார்கள். சிலம்பை உடைத்துப் பார்த்தபோது தப்பு தெரிந்தது, கோவலன்தான் இல்லை. அது கதை என்றால், 2013-ல் நடந்ததைக் கேளுங்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய போலீஸ் அதிகாரியே, ‘பாட்டரி எதற்கு என்று எனக்குத் தெரியாது’ என்று அவர் சொன்னதை அதில் எழுதாமல் விட்டுவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். 2011-ல் தூக்கு நடந்திருந்தால் இந்த வார்த்தையைக் கேட்க ஆள் ஏது? 19 வயதில் பிடிபட்ட அவர் 31 வருஷம் கழித்து 2022 மே 18-ந் தேதி விடுதலையானார்.

ஜப்பானில் ஹகமடா என்ற குத்துச்சண்டைக்காரர் 1966-ல் பிடிபட்டு, 1968-ல் தூக்கு விதிக்கப்பட்டு, புத்தி கலங்கி, 2014-ல் வெளியே வந்தார். 2024-ல்தான் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. தூக்கு எந்தக் காலையில் என்று முன்கூட்டிச் சொல்லாத தேசம் அது. ஒவ்வொரு காலையும் அவருக்குச் சாவுக் காலைதான்.

‘கொலையுண்டவன் குடும்பத்துக்கு என்ன பதில்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதினோரு வருஷம் பைலைப் பார்க்காதவர்கள் அந்தக் குடும்பத்துக்குத்தான் என்ன பதில் சொன்னார்கள்? இரண்டு வீட்டையும் அல்லவா காக்க வைத்தார்கள்?

நிற்க, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தில், கைதி 30 நாளைக்குள் கருணை மனு போட வேண்டும். கவர்னர் தள்ளினால் 60 நாளைக்குள் பிரசிடெண்டுக்குப் போட வேண்டும். மத்திய சர்க்கார் மாகாண சர்க்காரின் அபிப்பிராயம் வந்த 60 நாளில் சிபார்சு செய்ய வேண்டும். பிரசிடெண்டுக்குக் கெடு இல்லை! அதோடு, அந்த முடிவைப் பற்றி எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். 2014-ல் மூவர் உயிர் தப்பியது எந்த வாசல் வழியாகவோ, அந்த வாசலையே அடைக்கப் பார்க்கிறார்கள். கயிற்றுக்குக் கீழே நிற்பவனுக்கு நாள் கணக்கு. கையெழுத்துப் போடுபவருக்குக் கணக்கில்லை. இது என்ன நியாயம்?

இதில் அகப்படுகிறவர்கள் யார்? டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, தூக்குக் கைதிகளில் நூற்றுக்கு 74 பேர் ஏழைகள். நல்ல வக்கீல் வைக்க வக்கில்லாதவனுக்கே கயிறு என்றால், அது குற்றத்துக்குத் தண்டனையா, வறுமைக்குத் தண்டனையா?

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். அவசரமாகக் கொன்றால் நிரபராதி சாவான்; தாமதமாகக் கொன்றால் ஒருவனைத் தினம் தினம் கொன்று கடைசியில் மறுபடி கொல்லுவதாகும். இரண்டுக்கும் நடுவில் சரியான வழி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் காட்டட்டும். தப்பு செய்யக்கூடிய மனிதன், திருத்த முடியாத காரியத்தைச் செய்யக்கூடாது. தூக்குமரம் ஒழிய வேண்டும். அது ஒழிகிறவரையில், கருணை மனுவைப் பார்க்கும் ஒவ்வொரு மேஜைக்கும் கெடு வேண்டும். தாமதத்துக்குக் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். கோர்ட்டு வாசல் திறந்திருக்க வேண்டும்.

இனி எமலிங்கத்தைக் கடந்து போகும்போது, எமனுக்குப் பயப்படாதீர்கள். மேஜை மேல் பைலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவனைக் கேள்வி கேளுங்கள். நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.