இளவேனிலும் வாலாட்டியும்



கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறினையும் நம் மாணவர்கள் தடையின்றி ஒப்பிக்கின்றனர். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படும் கேமரன் மலையில் இளவேனில் எங்கே உள்ளது என்று அவர்களுள் ஒருவர் வினவினால், நாம் என்ன விடை கூறுவோம்?

அவ்விடையைச் சாம்பல் வாலாட்டி தரும். மஞ்சள் வயிறும் நீண்ட வாலும் உடைய இச்சிறு பறவை, வடபுலத்தில் குளிர் தொடங்கும்போது இம்மலைக்கு வருகிறது. ஓடைக் கற்களிலும் தேயிலைத் தோட்டப் பாதையோரங்களிலும் வாலை ஆட்டியவாறு இரை தேடுகிறது. இளவேனிலில் கூடு கட்டுவதற்கு வடக்கே திரும்பிவிடுகிறது. நம் மண்ணில் மாறாத பருவத்தை அதன் வரவும் செலவும் நமக்கு உணர்த்துகின்றன.

மலையிலிருந்து இறங்கி மேற்குக் கடற்கரைக்குச் சென்றால் இக்காட்சி இன்னும் விரிவடையும். 1987இல் தொடங்கப்பெற்ற கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா, அலையாத்திக் காடும் சேற்றுவெளியும் சூழ்ந்த ஈரநிலம். மார்ச்சு மாதத்தில் உள்ளானும் பவளக்காலியும் நெடும்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்ள, அங்கே ஓயாது மேய்கின்றன. செந்நிறக் கால்களைக் கண்ட மாணவருக்குப் பவளக்காலி என்னும் பெயரை எவரும் இருமுறை கற்பிக்க வேண்டியதில்லை.

பெயரறியாதவருக்கு எல்லாப் பறவையும் குருவியே. மேற்குத் தொடர்ச்சி மலையில் சீழ்க்கையடிப்பதுபோல் பாடும் பறவையைச் சீகாரப் பூங்குருவி என்கிறோம். அதன் உறவினம் ஒன்று மலாயாத் தீபகற்பத்தின் மலைகளில் மட்டுமே வாழ்கிறது. அதனை மலாயாச் சீகாரப் பூங்குருவி என அழைக்கத் தமிழுக்கு என்ன தடை? இம்மண்ணின் உயிர்களுக்குப் பெயர் வழங்கும் உரிமையும் கடமையும் இங்கு வாழும் தமிழருக்கு உண்டு.

அறிந்ததையே மக்கள் காப்பர். வேடந்தாங்கல் 1936இல் பறவைகள் காப்பகமாவதற்கு நெடுங்காலம் முன்னரே, அவ்வூர் உழவர்கள் பறவைகளை வேட்டையாடவிடாது காத்தனர். எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் மலையிலோ, மரம் இழந்த சரிவுகளின் மண் மழையில் கரைந்து, 1963இல் அணை கட்டி உருவாக்கப்பட்ட ரிங்லெட் ஏரியைத் தூர்க்கிறது. மலையில் இழைக்கும் பிழை நீரில் தெரிகிறது.

ஆகவே, தோட்டத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பேடு தொடங்குவோம். வாலாட்டி முதன்முதலில் வந்த நாளையும், இறுதியாகத் தென்பட்ட நாளையும் மாணவர்களே தமிழில் எழுதட்டும். சில ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், அது மலையின் வரலாறாகும். இளவேனில் என்னும் சொல்லுக்கு நம் மண்ணிலும் பொருள் கிட்டும்.