ஒரு மே மாதமும் மூணு தூண்டிலும்: பொன்னமராவதியில் மீன் பிடிக்கப் போன கதை

இந்த வாரம் சென்னையில இருந்து பேசல. பொன்னமராவதியில எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசறேன். நடுவுல மயில் கத்தினா கண்டுக்காதீங்க, அது இந்த ஊர் பின்னணி இசை.

விஷயம் இதுதான். அக்காவோட பிள்ளைங்க ரெண்டு பேரும் மே லீவுக்கு ஊருக்கு வந்தாங்க. பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 6. முதல் ரெண்டு நாள் ஆட்டுக்குட்டி, மாமரம், நுங்குன்னு ஓடிருச்சு. மூணாவது நாள் காலையிலேயே "மாமா, போரடிக்குது, போன் குடு"ன்னு வந்து நின்னாங்க. அதைச் சமாளிக்க, நான் சின்ன வயசுல தூண்டில் போட்டு மீன் பிடிச்ச கதையைக் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொன்னேன். ரெண்டும் கண்ணை விரிச்சுக் கேட்டுட்டு, "அப்ப எங்களையும் கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லிருச்சு. நான் கடைசியா தூண்டில் போட்டு 15 வருஷம் ஆச்சு. அதை எப்படிச் சொல்றது?

சரி, நம்ம தலைமுறை என்ன பண்ணும்? மேப்பைத் திறந்தேன். ஊரைச் சுத்தி எங்க பார்த்தாலும் நீலத் திட்டு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: பொன்னமராவதி, புதுக்கோட்டை மாவட்டத்தோட மேற்கு ஓரத்துல, சிவகங்கை மாவட்ட எல்லைக்குப் பக்கத்துல இருக்கு. இந்தப் பக்கம் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில பெய்யற மழையைக் கண்மாய்ல தேக்கி வைச்சுத்தான் இந்த ஊர்கள் பிழைச்சிருக்கு. மாவட்டம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேல கண்மாய், குளம், ஏந்தல்னு இருக்கு. இத்தனையில ஒண்ணு கிடைக்காதான்னு கிளம்பினோம்.

இருக்கறதுலேயே பெரிய நீலத் திட்டுக்கு முதல்ல போனோம். போய்ப் பார்த்தா சொட்டுத் தண்ணி இல்ல. தரை பாளம் பாளமா வெடிச்சிருக்கு, நடுவுல சீமைக்கருவேலம், அதுக்குக் கீழ ஆடு படுத்திருக்கு. சின்னவன் ரொம்ப சீரியஸா கேட்டான்: "மாமா, மீனெல்லாம் மண்ணுக்குள்ள இருக்கா?" மேப்புல நீலம் எல்லா மாசமும் நீலமாத்தான் இருக்கும். சித்திரை வெயிலைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?

அடுத்து ஒரு ஊருணி. கண்ணாடி மாதிரித் தண்ணி, சுத்திலும் படிக்கட்டு. இடம் கிடைச்சிருச்சுன்னு நினைச்சு ஒரு படி இறங்கியிருப்போம், குடத்தோட வந்த ஒரு அம்மா பிடிச்சாங்க. "ஏப்பா தம்பி, குடிக்கிற தண்ணியிலயா புழுவைப் போடப் போற? எந்த ஊருப்பா நீ?" இந்த ஊருதான்னு சொல்ல எனக்கு வாய் வரல. இங்க ஊருணின்னா குடிக்க, கண்மாய்னா வயலுக்கு. அந்த வித்தியாசம் அந்த அம்மாவுக்கு ரத்தத்துல இருக்கு, எனக்கு மறந்துபோச்சு.

மூணாவது இடத்துல தண்ணியும் இருந்தது, மீனும் துள்ளிச்சு. கூடவே ஒரு காவல்காரரும் இருந்தார். "மீன்பாசி ஏலம் எடுத்திருக்கு தம்பி, தூண்டில் போடக் கூடாது." அவர் சொன்னதுல தப்பே இல்ல. நிறையக் கண்மாய்கள்ல மீன் பிடிக்கிற உரிமையை வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஏலம் விடுவாங்க. எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்திருப்பார். அதுல நாம தூண்டில் போட்டா, அடுத்தவர் வயல்ல கதிர் அறுக்கிற மாதிரி.

வெறும் பக்கெட்டோட வீட்டுக்கு வந்தோம். திண்ணையில இருந்த பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "யாரைக் கேட்டுப் போனீங்க?" மேப்பைக் கேட்டுப் போனோம்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே, "நாளைக்கு விடியக் காலம் என்னோட வாங்க"ன்னார்.

அன்னைக்குச் சாயங்காலமே வேலை ஆரம்பிச்சிருச்சு. மூங்கில் குச்சி மூணு, நைலான் நரம்பு, கடையில வாங்கின சின்ன முள். தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டினார். மூணு தூண்டிலுக்கும் சேர்த்து 100 ரூபாய்கூட ஆகல. அப்புறம் பிள்ளைங்களைக் கிணத்தடி வாய்க்கால் ஓரம் கூட்டிட்டுப் போய் மண்புழு தோண்ட விட்டார். புழுவைப் பார்த்து முதல்ல அலறின பெரியவள், அரை மணி நேரத்துல கொட்டாங்குச்சியில எண்ணி எண்ணிப் போட்டுட்டு இருந்தா. போன் எங்க இருக்குன்னு அன்னைக்கு ராத்திரி யாரும் கேட்கல.

மறுநாள் காலை 6 மணிக்கு அவர் கூட்டிட்டுப் போனது ஒரு சின்னக் கண்மாய். அதை ஏலம் விடறதில்ல, ஊர்ப் பொதுவுக்குன்னு வைச்சிருக்காங்க. முக்கால்வாசி வத்தி, மடை இருக்கிற பக்கம் மட்டும் தண்ணி நிக்குது. எனக்கு ஏமாற்றம். "பெரியப்பா, இங்க பெரிய மீன் இருக்குமா?"

"பெரிய மீனு எதுக்கு? பிள்ளைகளுக்குப் பெரிய மீனு வேண்டாம்யா, அடிக்கடி கடிக்கிற மீனு வேணும்"னார்.

இதைக் குறிச்சு வைச்சுக்கோங்க. விராலுக்குக் காத்திருந்தா ரெண்டு மணி நேரம் தக்கை அசையாது. 6 வயசுப் பையனுக்கு ரெண்டு மணி நேரம் ஒரு யுகம். ஆனா ஜிலேபி கெண்டை இருக்கிற இடத்துல, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தக்கை முங்கும். மீன் சிக்காட்டியும் பரவாயில்ல, முங்கினா போதும், பையன் எங்கயும் போக மாட்டான். இந்த ஜிலேபி நம்ம ஊர் மீனே இல்ல தெரியுமா? பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்தியாவுக்குள்ள 1952ல கொண்டு வந்தாங்க. இப்ப அது இல்லாத குளத்தைத் தேடணும். ஆண் மீன் கரையோரத்துல தட்டு மாதிரி வட்டமா பள்ளம் பறிக்கும். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ள வைச்சு வளர்க்கும். இதைப் பெரியப்பா சொன்னதும், மீன் கடிக்கலைன்னாலும் ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள வட்டம் தேட ஆரம்பிச்சுட்டாங்க.

கொஞ்சம் தள்ளி, தண்ணி மேல செங்கல் நிறத்துல ஒரு கொத்து அசைஞ்சது. விரால் குஞ்சுங்க. அதுக்குக் கீழயே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். "அதுல மட்டும் தூண்டில் போடக் கூடாது ஆத்தா. பெரியதைப் பிடிச்சிட்டா, அத்தனை குஞ்சும் அநாதை"ன்னார். பெரியவள் தன் தூண்டிலை எடுத்துக்கிட்டு பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தா. ஒரு பாடமும் நடத்தாம ஒரு ஒழுக்கம் உள்ள போயிருச்சு.

கெளுத்தி ஒண்ணு மாட்டுச்சு. அதை மட்டும் பிள்ளைங்களைத் தொட விடல. முதுகுலயும் ரெண்டு பக்கத்துலயும் முள் இருக்கும், குத்தினா கை வீங்கிடும்.

இனிமே சொல்லப் போறது, இந்த எபிசோடைப் பதிவு பண்ண உண்மையான காரணம்.

ரெண்டாவது நாள். பெரியவளோட முள், தண்ணிக்குள்ள இருந்த கருவேலங் கட்டையில சிக்கிடுச்சு. எனக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு மெசேஜ். தலை குனிஞ்சு பதில் அடிச்சிட்டு இருந்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவ முள்ளை எடுக்கத் தண்ணிக்குள்ள இறங்கிட்டா. முழங்கால் அளவுதான் தண்ணி. பெரியப்பா ஒரு சத்தம் போட்டார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. "ஆத்தா, நில்லு! அசையாத!"

அவ நின்னா. அவர் இறங்கிப் போய் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, மூங்கில் கம்பை அவளுக்கு முன்னாடி ஒரு எட்டுத் தூரத்துல ஊன்றினார். கம்பு இறங்கிட்டே போச்சு. எட்டடிக் கம்பு, அவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு.

மண் எடுத்த பள்ளம். வயலுக்கு வண்டல், வீட்டுக்கு மண்ணுன்னு கண்மாய்ல மண் அள்றது காலங்காலமா நடக்கிறதுதான். முன்னாடி மண்வெட்டியில எடுத்தாங்க, சரிவு இருக்கும். இப்ப ஜேசிபி. சுவர் மாதிரி நேரா இறங்குது. மேல தண்ணி நின்னுட்டா, முழங்கால் ஆழம் எது, ஆளை முழுங்குற ஆழம் எதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தோட 2024 அறிக்கையைப் பின்னாடி படிச்சேன். 5 முதல் 14 வயசுப் பிள்ளைங்க இறக்கிற காரணங்கள்ல, தண்ணியில மூழ்கறது உலக அளவுல மூணாவது இடம். சினிமாவுல வர்ற மாதிரி கையை ஆட்டிக் கத்தவும் மாட்டாங்க. பெரும்பாலும் சத்தமே வராது. நான் மெசேஜ் அடிச்சு முடிச்சு நிமிர்ந்து பார்த்திருந்தா, தண்ணி அமைதியா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட சொல்றதா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிட்டேன். திட்டினா. திட்டினது சரிதான்.

ஆனா பெரியப்பா மீன்பிடியை நிறுத்தச் சொல்லல. மறுநாளும் கிளம்பினார், சில கட்டளைகளோட. இந்த வருஷம் அந்தக் கண்மாய்க்குள்ள இறங்கி நடந்த ஆள் ஒருத்தர் கூட இருக்கணும். போன வருஷம் பார்த்ததெல்லாம் செல்லாது. முள் சிக்கினா நரம்பை அறுத்துவிடணும். முள் சில ரூபாய்தான். பிள்ளை கரையில, பெரியவங்க பிள்ளைக்கும் தண்ணிக்கும் நடுவுல. போன் வீட்டுல.

இன்னொண்ணு, மடைப் பக்கம் போகவே கூடாது. எங்க மாவட்டத்துப் பழைய கண்மாய்கள்ல தண்ணிக்குள்ள ரெண்டு கல் தூண் நிக்கறதைப் பார்க்கலாம். குமிழித் தூம்புன்னு பேர். சிலதுல பழைய கல்வெட்டுகூட இருக்கு. தண்ணி போக நீரோடித் துளை, சேறு போக சேறோடித் துளைன்னு கீழ தனித்தனியா இருக்கும். மூடியைத் தூக்கினா, கரைக்கு அடியில இருக்கிற கால்வாய் வழியா தண்ணி வயலுக்குப் போகும். அருமையான ஏற்பாடு. ஆனா திறந்திருக்கும்போது அது தண்ணியை உறிஞ்சற வாய். அங்க மீன் கூடும், அதனால பிள்ளைங்களுக்கும் அங்கதான் கண்ணு போகும்.

இப்படியே பத்து நாள் ஓடுச்சு. காலையில ஒன்றரை மணி நேரம், அதுக்கு மேல இல்ல. "இன்னும் கொஞ்ச நேரம்"னு அவங்க கேட்கும்போதே கிளம்பிடணும். அப்பத்தான் மறுநாள் அவங்களே நம்மளை எழுப்புவாங்க.

கடைசி ஞாயித்துக்கிழமை, பக்கத்துக் கிராமத்துல மீன்பிடித் திருவிழா. பங்குனியில கொன்னையூர் மாரியம்மன் திருவிழா முடிஞ்சு, கண்மாயெல்லாம் வத்த ஆரம்பிச்சதும் இந்தப் பக்கம் ஊர் ஊரா இது நடக்கும். விவசாயத்துக்குத் தண்ணி விட்டது போக, மிச்சம் இருக்கிற மீன் எல்லாருக்கும் பொது. முன்னாடி தண்டோரா, இப்ப வாட்ஸப். விடியறதுக்குள்ள கரை முழுக்க ஜனம், சுத்துப்பட்டு ஊர்க்காரங்களும் சேர்த்து. சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் அத்தனை பேரும் ஒரே நேரத்துல இறங்கினாங்க. வலை, கச்சா, தூரி, பழைய சேலைகூட. பெரியப்பா கையில ஊத்தா. மேலயும் கீழயும் திறந்த கூடை மாதிரி இருக்கும். சேத்துல ஒரே குத்து, மேல் வாய் வழியா கையை விட்டுத் துழாவணும்.

அங்க பள்ளம் எது மேடு எதுன்னு, முதல் நாளே நடந்து பார்த்தவர் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு, முழங்கால் சேறு இருக்கிற ஓரத்துல பெரியவளை நிக்க வைச்சோம். ஊத்தாவுக்குள்ள கையை விட்டவ, முகம் மாறி, "மாமா, இருக்கு! உயிரோட இருக்கு!"ன்னு கத்தினா. ஒரு ஜிலேபி, உள்ளங்கை அளவு. அன்னைக்கு அந்தக் கிராமத்துல எந்தத் தெருவுல நடந்தாலும் மீன் குழம்பு வாசம். அகப்பட்டவங்க, அகப்படாதவங்க வீட்டுக்கும் ரெண்டு கொடுத்துட்டுப் போனாங்க.

நிறையப் பேர் கேட்பீங்க, அந்தச் சின்னக் கண்மாய் எங்க இருக்கு, லொகேஷன் அனுப்பு ப்ரோன்னு. அனுப்ப மாட்டேன். கஞ்சத்தனம் இல்ல. அடுத்த மழைக்கு அப்புறம் அதோட அடித்தரை எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. பெரியப்பா இல்லாம அந்த இடம் நல்ல இடமே இல்ல. அவர் கண்ணுதான் அந்த ஸ்பாட்.

அதனால உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, உங்க ஊர் கண்மாய் பேர் என்ன, அதுல யாருக்கு ஆழம் தெரியும்னு வீட்டுல கேளுங்க. அந்த ஆளைத் தேடிப் போய் உட்காருங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க. தூண்டிலை அவரே கட்டித் தருவார்.

சின்னவன் கீழ இருந்து கூப்பிடறான். நாளைக்குக் காலையில அவங்களுக்குப் பஸ், அதுக்குள்ள கடைசியா ஒரு தடவை புழு தோண்டணுமாம். அடுத்த வாரம் பேசுவோம்.