கொம்பு சாண உரமும் பல்கலைக்கழகமும்

ருடால்ஃப் ஸ்டைனர் (1861–1925) வகுத்த ஆந்த்ரோபோசபி, மனிதன், மண், மருந்து, கல்வி, கலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஆன்மிகப் பார்வைக்குள் கொண்டுவர முயன்ற தத்துவம். அதன் வழியில் இன்று பல நாடுகளில் வால்டார்ஃப் பள்ளிகள் நடக்கின்றன. வெலெடா மருந்துகள் விற்பனையாகின்றன. டெமீட்டர் முத்திரையோடு விளைபொருள்கள் சந்தைக்கு வருகின்றன. நடைமுறையில் இவ்வளவு வேரூன்றியும், பல்கலைக்கழகம் இதை அறிவுத்துறையாக ஏற்கலாமா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. வேளாண் பட்டதாரிகள் கூடியிருக்கும் அவையில் அதைப் பேசக் காரணம் உண்டு. வழக்கின் சூடான பகுதி வயலில்தான் நடக்கிறது.

ஸ்டைனர் கல்விப்புலத்துக்கு வெளியே இருந்து வந்தவர் அல்லர். 1891இல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கதேயின் அறிவியல் எழுத்துகளைப் பதிப்பித்தவர். வைமார் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர். 1902இல் பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளைக்குப் பொதுச் செயலாளரானார். சபையின் தலைமையகம் அடையாறு. ஜே. கிருஷ்ணமூர்த்தியை வரவிருக்கும் உலக குருவாக முன்னிறுத்தி 1911இல் அன்னி பெசன்ட் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது ஸ்டைனர் அதை ஏற்க மறுத்தார். 1912 டிசம்பரில் கொலோன் நகரில் ஆந்த்ரோபோசபி சங்கம் உருவாயிற்று. அடுத்த சில மாதங்களில் ஜெர்மன் கிளையின் அங்கீகாரத்தை அடையாறு ரத்து செய்தது. இந்தத் தத்துவத்தின் பிறப்புச் சான்றிதழில் சென்னையின் கையெழுத்தும் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

சிக்கலின் வேர், தன் நெறிக்கு ஸ்டைனர் 'ஆன்மிக அறிவியல்' என்று பெயரிட்டதில் இருக்கிறது. முறையான அகப்பயிற்சி பெற்றால் யாரும் ஆன்ம உலகை நேரில் காணலாம், கண்டதைச் சரிபார்க்கலாம் என்றார் அவர். கேட்பதற்கு இது சோதனைக்கு விடுத்த அழைப்புப் போலவே இருக்கும். ஆனால், பயிற்சி செய்தும் ஒருவருக்கு எதுவும் தெரியவில்லை என்றால், பயிற்சி போதவில்லை என்பதே பதிலாகிறது. தவறு என்று காட்ட வழியே இல்லாத கூற்றை அறிவியல் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்டைனரின் சொற்பொழிவுகளில் இனங்களைத் தரம் பிரிக்கும் பேச்சுகளும் உண்டு. நெதர்லாந்தில் ஆந்த்ரோபோசபி சங்கமே அமைத்த குழு 2000இல் அளித்த இறுதி அறிக்கை, 16 கூற்றுகள் இன்றைய சட்டப்படி தண்டனைக்கு உரியவையாகலாம் என்றது. தன் ஆசானை இப்படித் தானே விசாரித்ததற்காக அந்தச் சங்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் ஒரே மாதிரித் தீர்ப்பு வழங்கவில்லை. பாடநூல்களுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று, வால்டார்ஃப் ஆசிரியர் பயிற்சியை 2008இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் கைவிட்டது. ஆந்த்ரோபோசபி சார்ந்த அமைப்புகளின் நிதியோடு அமையவிருந்த ஒரு பேராசிரியர் இருக்கையை 2012இல் அபர்டீன் பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. ஜெர்மனியின் அறிவியல் மன்றம் இதே மரபில் வந்த இரண்டு நிறுவனங்களில் மான்ஹைமில் இருந்ததற்கு அங்கீகாரம் மறுத்தது. ஆல்ஃப்டரில் உள்ள அலானஸ் கல்லூரிக்கு அளித்தது. ஆக, ஸ்டைனரின் பெயர் வந்ததுமே அந்த மன்றம் கதவைச் சாத்தவில்லை. அவரை ஆராயும் இடமா, அவரை ஒப்பிக்கும் இடமா என்பதைப் பார்த்தே முடிவெடுத்தது எனலாம்.

இனி வயல். 1924 ஜூனில், இன்று போலந்தில் உள்ள கோபர்விட்ஸ் பண்ணையில் உழவர்களுக்காக ஸ்டைனர் ஒரு தொடர் சொற்பொழிவு ஆற்றினார். பயோடைனமிக் வேளாண்மை அங்கேதான் பிறந்தது. அதன் முதல் தயாரிப்பு கொம்பு சாண உரம். பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்துவைக்கிறார்கள். தோண்டி எடுக்கும்போது சாணம் நாற்றம் போய், கருத்து, கையில் உதிரும் மண்ணாகியிருக்கும். அதில் ஏறத்தாழ 100 கிராமைத் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் சுழி விழும்படி ஒரு பக்கமும் பிறகு எதிர்ப்பக்கமுமாகக் கலக்கி, ஒரு ஹெக்டேருக்குத் தெளிக்க வேண்டும். 100 கிராமில் இருக்கும் தழைச்சத்து ஒரு ஹெக்டேருக்கு எந்த மூலைக்கும் காணாது என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். உரமாக அன்றி, பிரபஞ்ச சக்தியை மண்ணுக்கு ஈர்ப்பதாகவே இது செயல்படுகிறது என்பது ஸ்டைனரின் விளக்கம்.

இதைச் சிரித்து ஒதுக்காமல் அளந்து பார்த்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். பாசெல் நகரை அடுத்த தெர்வில் கிராமத்தில் 1978இல் தொடங்கிய டி.ஓ.கே. பரிசோதனை, பயோடைனமிக், அங்கக, வழக்கமான வேளாண் முறைகளை ஒரே நிலத்தில் அருகருகே வைத்து ஒப்பிடுகிறது. 21 ஆண்டு முடிவுகள் 2002இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. அங்கக வகைத் திடல்களில் விளைச்சல் 20% குறைவு. உரமும் ஆற்றலும் 34 முதல் 53% வரை மிச்சம். பூச்சிக்கொல்லி 97% குறைவு. மண்புழுவும் நுண்ணுயிரும் பெருகியிருந்தன. நுண்ணுயிர்க் கணக்கில் பயோடைனமிக் திடல்கள் முன்னே நின்றன.

கொம்பு வென்றுவிட்டது என்று ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால், பயோடைனமிக் திடல்களுக்குப் போனது நன்றாக மட்கிய தொழு உரம்; பக்கத்து அங்ககத் திடலுக்குப் போனது அரைகுறையாக மட்கிய எரு. கொம்பும் வேறு, எருவும் வேறு. மண்ணில் தெரிந்த வேறுபாட்டுக்கு இரண்டில் எது காரணம் என்று அந்தத் திடல் சொல்லாது.

இந்த இடத்தில் இவ்வுரையாளரின் மாணவப் பருவம் குறுக்கே வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஏதாவதொரு கரைசல் தெளித்த நெல் செழித்திருக்கிறது என்று அளவெடுத்துப் பெருமையோடு போய் நின்றால், மண்ணியல் பேராசிரியர் குறிப்பேட்டைத் திறக்கமாட்டார். "வெறும் தண்ணி தெளிச்ச பாத்தி எங்கப்பா?" என்பார். பதில் இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடியும் நாற்று விட வேண்டியதுதான். நான்காண்டுப் படிப்பில் கற்றது அத்தனையும் மறந்துபோனாலும் அந்த ஒரு கேள்வி மிஞ்சினால் போதும் என்பது இவ்வுரையாளரின் பிடிவாதம். அதற்காக மற்றப் பாடங்களின் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். 

அந்தக் கேள்வியை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் நேராகவே கேட்டார்கள். ஒரே மட்கு உரக் குவியலைப் பிரித்து, ஒன்றில் பயோடைனமிக் தயாரிப்புகளை இட்டார்கள்; மற்றொன்றில் இடவில்லை. இட்ட குவியலில் சராசரியாக 3.4 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுதல். முடிவில் நைட்ரேட் 65% அதிகம். ஆனால், வயலில் இட்டபோது மண்ணின் நுண்ணுயிர்களில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆதரவான முடிவையும் பாதகமான முடிவையும் ஒரே குழு அச்சிட்டது. நம்பிக்கையாளருக்கும் மறுப்பாளருக்கும் ஒருசேர ஏமாற்றம் தரும் இப்படியொரு முடிவைத் தயங்காமல் வெளியிடும் இடத்தில் ஆந்த்ரோபோசபிக்கும் இருக்கை போடலாம்.

சட்டம் இயற்றும் இடத்தில் நிலை வேறு. பயோடைனமிக் முறையை அங்கக வேளாண்மைக்குச் சமமாக்கும் மசோதா 2021 மே மாதம் இத்தாலிய செனட்டில் நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. அது மருந்தியல் அறிஞர் எலேனா கட்டானியோவின் வாக்கு. அவ்வாண்டு இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜியோ பரீசி உட்பட விஞ்ஞானிகள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் கீழவை அந்தச் சமத்துவத்தை நீக்கியது. இத்தாலிய விவசாயி கொம்பு புதைப்பதை யாரும் தடுக்கவில்லை. அரசு அதைச் சட்டத்தில் அங்கக வேளாண்மைக்குச் சமமாக்குவதுதான் நின்றது.

இங்கே பட்டம் பெறுவோரில் பலர் நாளை வேளாண் அலுவலராகவோ விரிவாக்கப் பணியாளராகவோ ஆய்வாளராகவோ மேசையில் அமரப்போகிறார்கள். ஏதோவொரு கரைசலுக்கோ சந்திர நாட்காட்டிக்கோ ஆதரவு கேட்டு விவசாயி வருவார். அவரைக் கேலி செய்ய வேண்டாம். அவர் கேட்ட மாத்திரத்தில் சான்றும் எழுதித்தர வேண்டாம். அவர் நிலத்திலேயே இரண்டு பாத்தி ஒதுக்கச் சொல்லி, ஒன்றில் வெறும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள்.