குலுக்கலுக்கு வெளியே நிற்பவர்கள்: காலநிலைக் கொள்கையும் குடிமக்கள் பேரவைகளும்

குடிமக்கள் பேரவை என்பது குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரண மக்கள் சில வார இறுதிகளில் கூடி, வல்லுநர்களிடம் விவரம் கேட்டு, தங்களுக்குள் விவாதித்து, வாக்கெடுத்து அரசுக்குப் பரிந்துரை வழங்கும் அமைப்பு. அங்கே கட்சி இல்லை. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரவேண்டிய கவலையும் இல்லை. அயர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், ஆஸ்திரியா என ஐரோப்பிய நாடுகள் பலவும் கடந்த பத்தாண்டுகளில் காலநிலைக் கொள்கைக்காக இம்முறையை நாடியிருக்கின்றன. காரணம் வெளிப்படை. உமிழ்வைக் குறைப்பதன் சுமை இன்றைய வாக்காளர் தலையில் விழுகிறது. பயன் அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் போகிறது. தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்கள் இதில் கைவைக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

இந்தப் பேரவைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அரங்கத்துக்குள் நடப்பதையே பேசுகின்றன. அரங்கத்துக்கு வெளியே இருக்கும் சமூகங்கள் எந்தக் கட்டத்தில், எவ்வளவு தூரம் உள்ளே வருகின்றன என்பதில்தான் பேரவையின் வெற்றி தோல்வி அடங்கியிருக்கிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று பிரான்ஸ்.

2019 ஜனவரி முதல் டீசல் வரியை லிட்டருக்கு 6.5 செண்டும் பெட்ரோல் வரியை 2.9 செண்டும் உயர்த்த பிரெஞ்சு அரசு திட்டமிட்டிருந்தது. பேருந்தும் ரயிலும் எட்டாத சிற்றூர்களில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் காரையே நம்பியிருந்த மக்கள், 2018 நவம்பரில் மஞ்சள் மேலங்கி அணிந்து சாலைகளை மறித்தனர். அதே ஆண்டு ஜூலையில்தான் ஊரகச் சாலைகளின் வேக வரம்பு 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது. மக்களைக் கேட்காமல் போட்ட வரி நிற்காது என்ற பாடத்திலிருந்து பிறந்ததுதான் காலநிலைக்கான குடிமக்கள் பேரவை.

தொலைபேசி எண்களைக் குலுக்கலில் எடுத்து, பாலினம், வயது, கல்வி, தொழில், வட்டாரம், ஊரின் தன்மை ஆகிய ஆறு அளவுகோல்களின்படி 150 பேர் தேர்வு செய்யப்பட்டனர். 16 வயது நிரம்பியவர்களுக்கும் இடம் இருந்தது. நீதிமன்ற ஜூரிகளுக்குரியதை ஒட்டி நாள்படி வழங்கப்பட்டது. 2030-க்குள் பசுமைக்குடில் வாயு உமிழ்வை 1990 அளவிலிருந்து குறைந்தது 40% குறைக்க வேண்டும், அதுவும் சமூக நீதிக்கு ஊறு வராமல் குறைக்க வேண்டும். இதற்கு வழி சொல்வதே அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணி. 2019 அக்டோபரில் கூடியவர்கள் 2020 ஜூனில் 149 பரிந்துரைகளைக் கையளித்தனர். வார வேலை நேரத்தை 28 மணியாகக் குறைக்கும் யோசனையை மட்டும் அவர்களே வாக்கெடுப்பில் தள்ளுபடி செய்தார்கள். சாதாரண மக்களிடம் கேட்டால் சலுகைதான் கேட்பார்கள் என்று நினைத்தவர்களுக்கு அந்த வாக்கெடுப்பே பதில்.

நெடுஞ்சாலை வேக வரம்பை 130-லிருந்து 110 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அந்த 149-இல் இருந்தது. மாதக்கணக்கில் புள்ளிவிவரங்களோடு மல்லுக்கட்டியவர்களில் பெரும்பாலோர் அதற்கு இசைந்தனர். வெளியே இருந்த கோடிக்கணக்கானோர் அந்த மாதங்களைக் கடந்து வரவில்லை. அவர்கள் காதில் விழுந்தது முடிவு மட்டுமே. மஞ்சள் மேலங்கிப் போராட்டத்தின் நினைவு ஆறாத நாட்டில் அது எப்படி எடுபடும்? குடியரசுத் தலைவர் மக்ரோன் பரிந்துரைகளை வடிகட்டாமல் முன்கொண்டு செல்வதாக முன்னரே வாக்களித்திருந்தார். ஆனால் 2020 ஜூன் 29 அன்று மூன்றை ஒதுக்கினார்: வேக வரம்பு, பெரு நிறுவனங்களின் பங்காதாயத்தின் மீது 4% வரி, அரசமைப்பு முகவுரைத் திருத்தம். ஏற்கப்பட்டவையும் முழுதாகச் சட்டமாகவில்லை. நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்றது பேரவை. 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் அதை இரண்டரை மணி நேரமாகச் சுருக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே உறுப்பினர்கள் மீண்டும் கூடி அரசுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். இலக்கை நெருங்க அரசின் முடிவுகள் எவ்வளவு உதவும் என்ற கேள்விக்குக் கிடைத்த சராசரி, பத்துக்கு 2.5.

அயர்லாந்தின் அனுபவம் வேறு. அங்கே 99 குடிமக்கள் 2017-இல் இரண்டு வார இறுதிகள் மட்டுமே காலநிலையைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் தந்த 13 பரிந்துரைகளில் ஒவ்வொன்றும் குறைந்தது 80% ஆதரவு பெற்றது. அவற்றை ஆராய அனைத்துக் கட்சியினரும் அடங்கிய நாடாளுமன்றக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையிலிருந்து 2019-இல் செயல்திட்டமும், 2021-இல் காலநிலைச் சட்டமும் வந்தன. கார்பன் வரி 2030-க்குள் டன்னுக்கு 100 யூரோவாக உயர வேண்டும் என்பதும் தனியே சட்டமாயிற்று. பிரான்ஸில் பரிந்துரை நேரே ஒரு தலைவரின் கைக்குப் போனது. அயர்லாந்தில் அது கட்சிகளின் கைகளுக்குப் போய், அவை தமக்குள் அடித்துப் பேசி ஏற்றுக்கொண்டதாக வெளிவந்தது. ஆனால் வேளாண் உமிழ்வுக்கு வரி வேண்டும் என்று 89% பேர் வாக்களித்தது மட்டும் அப்படியே நின்றுபோனது. அயர்லாந்தின் உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேளாண்மையிலிருந்து, அதிலும் பெரும்பாலும் கால்நடைகளிலிருந்து வருகிறது. மாடு வளர்ப்பவர்களின் ஊர்களில் அந்த உரையாடல் நடக்கவே இல்லை. 99 பேர் அடங்கிய அரங்கில் நடந்ததை வைத்து அவர்களை இணங்க வைக்கவும் முடியவில்லை.

குலுக்கல் நியாயமானதுதானா என்ற கேள்வி இதற்கும் முந்தியது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையைத் தமிழர் பெருமையோடு நினைப்பது வழக்கம். அந்தக் கல்வெட்டே குடத்துக்குள் யாருடைய ஓலை விழலாம் என்பதையும் சொல்கிறது: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35-க்கு மேல் 70-க்குக் கீழ் வயது. ஓலை எடுக்கும் கை நடுநிலையானது. ஓலை போடும் பட்டியல் நடுநிலையானதல்ல. இன்றைய பேரவைகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. அழைப்புக் கடிதம் முகவரி உள்ளவருக்கே போகும். அரசை நம்புபவரும் ஓய்வு நேரம் உள்ளவருமே பெரும்பாலும் பதில் எழுதுவார்கள். 2020-இல் கூடிய பிரிட்டன் காலநிலைப் பேரவைக்காக 30,000 வீடுகளுக்குக் கடிதம் போனது. வறிய பகுதிகளிலிருந்து பதில் குறைவாகவே வரும் என்பதால், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அப்பகுதிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. காலநிலை பற்றிய கவலை எவ்வளவு என்பதும் தேர்வுக்கான அளவுகோல்களில் சேர்க்கப்பட்டது. ஐயம் கொண்டவர்களும் உள்ளே வர வேண்டும் என்பதே நோக்கம். தெரிவான 108 பேரில் அவர்களும் இருந்தார்கள்.

ஆனாலும் எண்ணிக்கையால் மட்டும் இது தீராது. மக்கள்தொகையில் நூற்றில் ஒருவராக உள்ள சமூகத்துக்கு நூறு பேர் அவையில் ஓர் இருக்கைதான் கிடைக்கும். கடலோர மீனவரோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோ அங்கே தனி ஆளாக உட்கார்ந்து தம் மக்களுக்காகப் பேச முடியாது. குலுக்கல் அவரைத் தனி மனிதராகத்தான் அழைத்திருக்கிறது. எனவே பேரவையைச் சுற்றி வேறு வழிகள் வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்காட்லாந்தில் கூட்டப்பட்ட பேரவையோடு, குழந்தைகளுக்கான அமைப்பொன்று பள்ளிப் பிள்ளைகளின் கருத்தைத் திரட்டிச் சேர்த்தது. அப்பேரவையின் பரிந்துரைகளுக்கு ஆறு மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டையொட்டி நடந்த உலகப் பேரவை இன்னொரு வழியைக் காட்டியது. மக்கள்தொகையின் அடிப்படையில் நூறு இடங்கள் உலக வரைபடத்தில் குலுக்கிப் போடப்பட்டன. அந்தந்த இடத்து உள்ளூர் அமைப்புகள் தெருவிலும் வீட்டு வாசலிலும் ஆட்களைச் சந்தித்துப் பெயர் திரட்டின. அவர்களிலிருந்து மறுபடி குலுக்கல். ஆங்கிலம் தெரியாத உறுப்பினருக்கு மொழிபெயர்த்ததும், இணைய வசதி செய்து தந்ததும் அந்த அமைப்புகளே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் உலக அவையில் அமர முடிந்தது இந்த உள்ளூர்க் கைகளால்தான்.

பேரவைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பல, விவாதத்தின் தரத்தை அளப்பவை. அந்த உழைப்பு வீணல்ல. ஆனால் பேரவை கலைந்தபின் வரும் இரண்டு, மூன்று ஆண்டுகளை ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு பின்தொடரவில்லை. எந்தப் பரிந்துரை எந்த அலுவலகத்தில் நின்றது, எந்த ஊருக்கு அது போய்ச் சேரவே இல்லை என்பதும் ஆய்வுப் பொருளாக வேண்டும். பேரவை கூட்டும் அரசுகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு: பிரெஞ்சு உறுப்பினர்கள் மதிப்பெண் போடக் கூடியதுபோல, உறுப்பினர்கள் திரும்பக் கூடிக் கணக்குக் கேட்கும் நாளை முதல் அமர்வுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும்.