விழா மேடையும் வேலைக் கரங்களும்

(ஜூபிலி கலைவிழாவின் முதல் நாள் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது ஜூபிலி ஆண்டின் கலைவிழா இன்று தொடங்குகிறது. மூன்று மாலைகள் பாட்டும் நடனமும் நாடகமும் நடைபெற இருக்கின்றன. நீண்ட பிரசங்கத்திற்கு இது நேரமல்ல என்பதை நாம் அறிவோம். வேடம் புனைந்த பிள்ளைகள் பந்தலின் ஓரத்தில் காத்து நிற்கிறார்கள். பூசிய அரிதாரம் வேர்வையில் கரைந்துவிடுமோ என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்கள். ஆயினும், விழா எடுக்கும் ஒரு சமூகம் அந்த விழா யாருடைய உழைப்பால் நடக்கிறது, யாருக்கு அதில் இடம் இருக்கிறது என்று சற்றுச் சிந்திப்பது நன்று. அதற்குத் துணையாக, சென்னை மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் இசை விழாவை எடுத்துக்கொள்வோம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். அவற்றில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மேல்நாடுகளில் இலை உதிரும் காலம் என்று சொல்லப்படும் மாதங்கள் நமக்கு அடைமழை மாதங்கள். ஏரிகள் நிரம்பி, மழை ஓயத் தொடங்கி, காற்றில் குளிர் ஏறும்போது சென்னையில் சபாக்களின் கதவுகள் திறக்கின்றன. திருச்சபை திருவருகைக் காலத்தில் அடியெடுத்து வைக்கும் அதே நாட்கள் அவை. கிறிஸ்து பிறப்பு விழா கழிந்து புத்தாண்டு வரும்வரை, நகரெங்கும் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் நடைபெறுகின்றன. பாட்டைக் கேட்கப் போகிறார்களா, சபா கேண்டீனில் அடை அவியல் சாப்பிடப் போகிறார்களா என்று வேடிக்கையாகக் கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் போகிறார்கள் என்பதே உண்மை. அதில் தவறொன்றும் இல்லை. விழா என்றால் விருந்தும் உண்டு அல்லவா?

இந்த விழாவின் தொடக்கம் 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இருக்கிறது. அவ்வாண்டு காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அம்மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. 1932இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி வந்தது. பின்னர் பேட்டைக்கு ஒரு சபா என்று சொல்லும்படி அமைப்புகள் பெருகின. 2017இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னையையும் சேர்த்தது. அரசர்களும் ஜமீன்தார்களும் ஆதரித்த கலையை, மாதச் சம்பளக்காரர்கள் சந்தா கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இன்றும் பல சபாக்களில் இளம் கலைஞர்களின் மதியக் கச்சேரிகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். இவை நாம் மதித்துப் பாராட்ட வேண்டிய செயல்கள்.

ஆனால், எந்த விழாவுக்கும் ஒரு வாசல் உண்டு; வாசல் என்றால் உள்ளே ஒரு கூட்டமும் வெளியே ஒரு கூட்டமும் உண்டு. சென்னை இசை மேடையில் ஒரு காலத்தில் தமிழ்ப் பாட்டே ஏறக்குறைய வாசலில்தான் நின்றது. கச்சேரியின் முக்கிய நேரமெல்லாம் பிறமொழிக் கீர்த்தனைகளுக்குப் போக, தமிழ்ப் பாடல்கள் கடைசியில் துக்கடாவாகப் பாடப்பட்டன. இதைக் கண்டு வருந்திய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் அவரோடு சேர்ந்த அறிஞர்களும் தமிழிசை இயக்கத்தை வளர்த்தார்கள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அன்று அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் இன்று தமிழ்ப் பாட்டு இல்லாத கச்சேரியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தத் தமிழ்ப் பாடல்களில் நம்மவர் ஒருவருடைய பாடல்களும் உண்டு என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த சாமுவேல் வேதநாயகம் பிள்ளை (1826 – 1889) ஒரு கத்தோலிக்கர். தமிழில் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் அவரே. அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பிற சமயத்தைச் சேர்ந்த வித்துவான்களும் மேடையில் விரும்பிப் பாடி வந்திருக்கிறார்கள். நல்ல பாட்டு, பாடியவனின் சமயத்தைக் கேட்டுக்கொண்டு காதில் நுழைவதில்லை.

பாட்டுக்கு இடம் கிடைத்தது. பாட்டுக்குத் துணையாக நிற்கும் கைகளுக்குக் கிடைத்ததா? இங்கேதான் நம் வட்டாரத்தாராகிய நாம் கூர்ந்து கேட்க வேண்டும்.

கச்சேரியில் பாடகருக்கு அருகில் மிருதங்கம் இருக்கிறது. அதன் உடல் பலா மரம். அதன் குரலோ தோல். பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். நம் பக்கத்து டேனரிகளில் குரோம் போட்டுப் பதனிடுகிறோமே, அந்தத் தோல் மிருதங்கத்திற்கு உதவாது. பதனிடாத பச்சைத்தோலைக் கழுவி, மயிர் நீக்கி, உலர்த்தி, பதம் பார்த்து வெட்ட வேண்டும். வலந்தலையில் தெரியும் கருவட்டத்தைச் சோற்றோடு கல்பொடியைக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். தோல் சற்றே தடித்தாலும் நாதம் கெடும், மெலிந்தாலும் கெடும். எந்த மாட்டின் தோல், உடம்பில் எந்தப் பகுதித் தோல் என்று கைவிரலால் தடவியே சொல்லும் அறிவு அது. பள்ளிக்கூடத்தில் கற்ற அறிவல்ல. தகப்பன் மகனுக்குக் கொடுத்த அறிவு.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூரில் செபஸ்தியான் என்பவரின் குடும்பம் இதில் புகழ் பெற்றது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்து இக்குடும்பத்தைச் சேர்ந்தவர். மணி ஐயர் 1966இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். மிருதங்க வித்துவான் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. பக்கவாத்தியக்காரர் என்று ஓரமாக அமர்த்தப்பட்டவருக்கு அந்த மதிப்பு வரவே அவ்வளவு காலம் ஆயிற்று. அப்படியானால், அந்த வாத்தியத்தைச் செய்தவரை யார் நினைத்தார்கள்? பாடகர் டி. எம். கிருஷ்ணா இத்தொழிலாளரின் வரலாற்றைத் தேடி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூல் 2020இல் வெளிவந்தது. நூலை வெளியிட முதலில் இடம் தர இசைந்த அரங்கம் ஒன்று பிறகு மறுத்துவிட்டது. வேறோர் இடத்தில் வெளியிட்டார்கள். மேளம் கட்டியவரின் கதைக்கு மேடை கிடைப்பது இன்றும் எளிதாக இல்லை.

அன்பர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமானதா? பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் நனைத்த கைகள் நம் தந்தையரின் கைகள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் கைகள் நம் தாய்மாரின் கைகள். இங்கே தைத்த காலணிகளைக் கடல் கடந்த நாடுகளில் அணிகிறார்கள். ஆனால் தைத்தவர் பெயர் அக்காலணியில் இல்லை. தோலைத் தொடுபவனைத் தொடக்கூடாது என்று சொன்ன ஊர், அதே தோலைக் காலில் போட்டுக்கொள்ளவும் மடியில் வைத்து வாசிக்கவும் தயங்கவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலில் ஒரு சிறு செய்தி உண்டு. இராயப்பர் யோப்பா நகரில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். யூதர் அத்தொழிலை இழிவாக நினைத்த காலம் அது. கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் அவரைத் தேடி வந்ததும் அந்த வீட்டு வாசலுக்குத்தான். பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவைத் திறக்க இராயப்பர் புறப்பட்டது ஒரு தோல் தொழிலாளியின் வீட்டிலிருந்து என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

சென்னையிலும் கதவுகள் திறக்கத் தொடங்கியிருக்கின்றன. 2007இல் பொங்கலை ஒட்டி நடந்த சென்னை சங்கமம், ஒயிலாட்டத்தையும் கரகத்தையும் தப்பாட்டத்தையும் மாநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டு வந்தது. இடையில் நின்றுபோன அவ்விழாவைத் தமிழ்நாடு அரசு 2023இல் மீண்டும் தொடங்கியது. 2015இல் பெசன்ட் நகர் கடற்கரையில், ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் ஒரு விழா எடுத்தார்கள். நம்மவர் பலர் திருவிழாவுக்குச் செல்லும் வேளாங்கண்ணி அன்னை ஆலயம் இருக்கும் அதே கடற்கரைதான். அங்கே கர்நாடக இசையும் பறையும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில் நடந்தன; நுழைவுச் சீட்டு இல்லை. 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவில் கானாவும் ஒப்பாரியும் பறையும் மேடை ஏறுகின்றன. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. துக்க வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ஓசை இப்போது நாட்டின் மரியாதையைப் பெறுகிறது.

நமது திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தில், அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்று பணித்தது. அதன் பிறகே நம் ஆலயங்களில் தமிழ்ப் பாடல்களும் நம் நாட்டு வாத்தியங்களும் தாராளமாக ஒலித்தன. 1977இல் திருச்சியில் கலைக்காவிரி தொடங்கப்பட்டது. நற்செய்தி நம் மண்ணின் நடனத்தில் ஆடியது. வாத்தியம் கோவிலுக்குள் வந்துவிட்டது. வாத்தியக்காரர் வந்துவிட்டாரா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. தேர்ப் பவனிக்கு முன்னால் பறை அடித்துக்கொண்டு வந்தவர்கள், பவனி முடிந்ததும் வாசலோடு நின்று கூலியை வாங்கிக்கொண்டு திரும்புவதைப் பல ஊர்களில் நாம் பார்த்திருக்கிறோம். நம் பங்கில் அப்படி நடக்கலாகாது.

ஆகவே, இந்த விழாவைக் குறித்து மூன்று காரியங்களை நாம் முடிவு செய்திருக்கிறோம்.

முதலாவது, நேரம். இன்று ஆறு மணிக்குத் தொடங்கியிருக்கிறோம். சற்று முன் பந்தலைச் சுற்றி வந்தபோது, ஆடப்போகும் சிறுமிகளில் பலருக்கு அருகில் பாட்டிமார் மட்டுமே இருப்பதைக் கண்டோம். தாய்மார் எங்கே என்று கேட்டால், கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை என்கிறார்கள். மகள் ஆடுவதைப் பெற்றவள் பார்க்காத விழா யாருக்கு? ஆதலால் இன்று சிறுமிகளின் நடனம் கடைசி நிகழ்ச்சியாக வைக்கப்படும். நாளையும் மறுநாளும் விழா ஏழரை மணிக்கே தொடங்கும்.

இரண்டாவது, இருக்கை. நன்கொடை தந்த பெரியவர்களுக்கு முன்வரிசையை ஒதுக்கலாம் என்று விழாக் குழுவில் சிலர் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். சபாக்களில் அது வழக்கம்தான். பணம் இல்லாமல் எந்த விழாவும் நடவாது என்பதையும் நாம் அறிவோம். ஆனால் பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டாதீர்கள் என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்திருக்க, நாம் வேறு வழி செய்ய இயலாது. முன்வரிசை முதியோருக்கும், நடக்க இயலாதவருக்கும், ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரியது. இதைச் சொன்னவுடன் நன்கொடையாளர் பலர் தாமே பின்வரிசைக்குப் போய் அமர்ந்ததை இப்போது காண்கிறோம். அவர்களுக்கு நம் நன்றி.

மூன்றாவது, பெயர். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் பாடியவர், ஆடியவர் பெயரோடு, மேளம் கட்டியவர், உடை தைத்தவர், பந்தல் போட்டவர், சமையல் செய்தவர் பெயர்களும் வாசிக்கப்படும். பறை வாசிக்கும் சகோதரர்கள் நம்மோடு ஒரே பந்தியில், நமக்கு அருகில் அமர்ந்து உண்பார்கள். பறை கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு, ஜூபிலிக்குப் பின்னும் ஞாயிறு மாலைகளில் பங்கு மன்றத்தில் வகுப்பு நடக்கும். ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. எந்தத் தெரு என்ற கேள்வியும் இல்லை. நம் பிள்ளை அதைத் தொடுவதா என்று தயங்கும் பெற்றோர் நம்மிடம் வாருங்கள், பொறுமையாகப் பேசுவோம்.

மாநகரத்தின் விழாவுக்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் சிறப்பையும் குறையையும் கண்டபின் நாம் தொடங்குவதால், சில கதவுகளை முதல் நாளே திறந்து வைக்கலாம். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. சற்றுத் துணிவும் நிறைய அன்பும் போதும்.

பந்தலுக்கு வெளியே நெருப்பு மூட்டிப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். தோல் சூடேறிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஆகையால் நம் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். விழாவின் முதல் நிகழ்ச்சியாக அச்சகோதரர்களை மேடைக்கு அழைக்கிறோம். அவர்கள் வருவதற்குப் பக்கவாட்டு வழி வேண்டாம். நடுவே வழி விடுங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!