அரிப்புக்குக் காரணம் அழுக்கல்ல

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே, தயங்காமல் வந்தமர்ந்திருக்கும் ஆண்களே! பெண்ணுறுப்பில் வரும் அரிப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவே இந்த மேடைக்கு வந்தேன். பெரும்பாலும் அது அழுக்கால் வருவதில்லை. அழுக்கென்று நம்மை நாமே நொந்துகொண்டு தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால்தான் பல நேரம் முற்றுகிறது. கருவுறும் வயதில் பிறப்புறுப்புப் பாதையில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து, பிஎச் அளவை ஏறத்தாழ 3.8-லிருந்து 4.5-க்குள் வைத்திருக்கிறது. வேண்டாத கிருமி பெருகாமல் காப்பது அந்த அமிலம்தான். நாம் போடும் குளியல் சோப்போ பிஎச் 9, 10 என்று காரமானது. டெட்டால் கலந்த தண்ணீரையும் வாசனை திரவத்தையும் உள்ளே விட்டால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். "சுத்தமாக இரு என்று அம்மா சொன்னது தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்தால் போதும். உட்புறத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த தவறு, எல்லா அரிப்பையும் ஒரே நோயாக எண்ணுவது. தயிர் திரிந்ததுபோல வெள்ளைப்பட்டு அரித்தால் கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. நீர்த்த கசிவும் மீன் வாடையும் இருந்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கலாம். உடலுறவால் பரவும் ட்ரைக்கோமோனாஸ் தொற்று என்றால் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். கிருமியே இல்லாமல், சோப்புத்தூளோ வாசனை நாப்கினோ ஒத்துக்கொள்ளாமலும் அரிக்கும். இதை நாமே கண்டுபிடித்துவிட முடியாதா? 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பூஞ்சைதான் என்று தாங்களே முடிவுகட்டிக் கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தது. பூஞ்சை மட்டும் இருந்தது மூன்றில் ஒருவருக்கே. இங்கே மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று வாங்குகிறோமே, அவற்றில் பலவற்றில் க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும். அதைக் காட்டி "எனக்குக் கேட்டதே" என்பார்கள். தொடையிடுக்குப் படர்தாமரையோ அந்த மறைவில் பரவிக்கொண்டே போகும், தோலும் மெலியும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டில்லாமல் விற்கத் தடைபோட்டது. மருத்துவர் பார்த்து, இன்ன தோல்நோய் என்று உறுதிசெய்து எழுதித் தரும் ஸ்டீராய்டைக் கண்டு பயப்பட வேண்டாம். சில நோய்களுக்கு அதுதான் சரியான மருந்து.

அரிப்பு அடிக்கடி திரும்பி வந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் சொன்னது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. அங்கே பூஞ்சைக்கு அதுவே தீனி. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து அது. எழுதித் தந்தவரிடம் கூச்சப்படாமல் சொன்னால் வழி காட்டுவார்.

"வீட்டுக்குள் பேசுவதை மேடையில் ஏன்?" என்று சிலர் முணுமுணுக்கலாம். தொழிற்பேட்டையில் தையல் மெஷின் முன்னே வியர்வையில் நனைந்த துணியோடு, மாற்றாத நாப்கினோடு ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வீட்டுக்குள் பேசுவதால் என்ன மாறும்? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டுமென்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவு 1948-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவு தாழ்ப்பாள் விழுகிறதா, நாப்கின் மாற்ற சூப்பர்வைசர் விடுகிறாரா என்று சங்கமும் நிர்வாகமும் பேசித்தான் ஆக வேண்டும். தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐக்காக உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள்; அந்த டிஸ்பென்சரி உங்கள் காசிலும் நடப்பது. ஈஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெண் டாக்டர் வேண்டுமென்று வாய்விட்டுக் கேளுங்கள். புண், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, மாதவிடாய் நின்ற பிறகு தோல் வெளுத்து அரிப்பு விடாமல் இருந்தாலோ, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாமல் போய்க் காட்டுங்கள்.