பொருந்திய செருகி, பொருந்தாத கருவி



சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த வரலாறு இந்த அவைக்குத் தெரியும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. சிவகாசியில் அச்சகம் வேரூன்றியது. லித்தோ, ஆஃப்செட் என்று வளர்ந்த அந்த அச்சகத்துக்குள் பிறகு கணினியும் வந்தது. அந்தக் கணினியைப் பிற கருவிகளோடு இணைத்த கேபிள்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அவற்றோடு மல்லாடியவர்களின் உழைப்பு எந்தத் தொழில் வரலாற்றிலும் உரிய இடம் பெறவில்லை என்பது என் ஆதங்கம்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரில் பிரிண்டருக்கான பேரலல் போர்ட்டுக்கு 25 பின் கனெக்டர். பிரிண்டரிலோ சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970 முதல் பழக்கத்துக்குக் கொண்டுவந்த 36 பின் கனெக்டர். அதே கணினியின் சீரியல் போர்ட்டுக்கும் 25 பின்தான். ஆண், பெண் வேறுபாடு மட்டுமே அடையாளம். 1986-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் பிளஸ், டிஸ்க் போன்ற கருவிகளுக்கான ஸ்கஸி இணைப்புக்கும் இதே 25 பின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஒரே உருவத்துக்குள் மூன்று வேறு மின் ஏற்பாடுகள். சீரியலில் 12 வோல்ட் வரை ஏறி இறங்கும். மற்ற இரண்டும் 5 வோல்ட்டில் இயங்குபவை. பிரிண்டர் கேபிளை மேக்கின்டாஷில் செருகினால் அழகாக உட்காரும், ஆனால் உள்ளே சிப் பழுதாகலாம்.

1984-இல் ஐ.பி.எம். சீரியல் போர்ட்டை 9 பின்னாகச் சுருக்கியது. 25 பின்னில் தகவல் வெளியே போன இரண்டாம் பின்னில் இப்போது தகவல் உள்ளே வந்தது. மூன்றாம் பின் நேர்மாறாயிற்று. கேபிளில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைக்கத் தெரிந்த மெக்கானிக் அன்று அச்சகத்துக்கு எவ்வளவு முக்கியமானவர் என்பதை அந்தக் காலத்தவர்கள் அறிவார்கள்.

காலண்டர் படத்தை நினைத்துப் பாருங்கள். ஏ4 அளவுப் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி, நான்கு வண்ணம்: ஏறத்தாழ 35 மெகாபைட். 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் ஏற்றினால் 24 ஃபிளாப்பி வேண்டும். ஆகவே 44 மெகாபைட் சைக்வெஸ்ட் டிஸ்க் கார்ட்ரிட்ஜ் வந்தது, அதற்காக ஸ்கஸியும் வந்தது. ஸ்கஸி சங்கிலியில் கணினி உட்பட எட்டுக் கருவிகளுக்கே இடம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை தனித்தனி எண். இரு முனைகளிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். எண் மோதினாலோ ஒரு முனை திறந்து கிடந்தாலோ டிஸ்க் கணினியின் கண்ணில் படாது. சில நேரம் பட்டு, பாதி நகலில் காணாமல் போகும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடும் ஊருக்கு ஆனி மாதத்தில் இப்படி ஒரு தடங்கல் என்றால், அதன் கனத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பி சரியாக இருந்தாலும் கட்டளை மொழி வேறாக இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குள் ஆங்கில எழுத்துகள் இருந்தன, தமிழ் இல்லை. தமிழைப் படமாக வரிவரியாக அனுப்பினோம். 8 புள்ளி கொண்ட அந்தப் படக் கட்டளையை எப்சனின் 9 ஊசி பிரிண்டர் அங்குலத்துக்கு 72 புள்ளியாக அடித்தது; 24 ஊசி பிரிண்டர் 60 புள்ளியாக அடித்தது. அகலம் மாறாமல் எழுத்து மட்டும் ஐந்தில் ஒரு பங்கு நெட்டையாயிற்று. எழுத்துருக் குறியேற்றத்தின் குழப்பம் இதற்கு மேல். 1999-இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டையொட்டித்தான் தமிழக அரசு டாம், டாப் தரங்களை அறிவித்தது.

சென்ட்ரானிக்ஸ் பழக்கம் ஐ.ட்ரிபிள்.ஈ 1284 என்ற முறையான தரமாக ஆனது 1994-இல். 24 ஆண்டுகள்! அந்த இடைவெளியின் செலவைக் கருவி செய்தவர்கள் ஏற்கவில்லை; சின்ன ஊர்களில் அவற்றை வாங்கியவர்கள் ஏற்றார்கள். 1996-இல் யு.எஸ்.பி. வந்தபின் புதிய கருவிகளுக்கு விடிவு கிடைத்தது. பழைய மென்பொருள்கள் சிலவற்றின் நகல் தடுப்புப் பூட்டு மட்டும் பேரலல் போர்ட்டின் முகவரியை நேரடியாகத் தேடுவது. யு.எஸ்.பி. மாற்றுக் கேபிள் அந்த முகவரியைத் தராது, பூட்டு திறக்காது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூலையில் கிடக்கும் பேரலல் போர்ட் கணினி, சைக்வெஸ்ட் கார்ட்ரிட்ஜ், மெக்கானிக் கைப்பட எழுதிய பின் வரைபடம் எதுவானாலும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நம் பொறியியல் கல்லூரி ஒன்று இவற்றை வாங்கி, அந்தக் கார்ட்ரிட்ஜ்களில் உள்ள லேபிள், காலண்டர் கோப்புகளைப் படித்தெடுத்துச் சேமிக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்த கைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன.